கையெழுத்தும் ஓர் அமானிதம்



நம்மில் பலருடைய பெயரில் கொழும்பில் ஒரு கணக்கேடு இருக்கிறது. அதை எழுதியவர்கள் நாமல்ல. நம்மில் அநேகர் அதைக் கண்ணால் கண்டதுமில்லை. ஆனால் ஒரு தையல் மெஷின் வாங்கவோ, வீட்டுக்கு ஒரு அறை கூட்டிக் கட்டவோ, மகனுக்கு மோட்டார் சைக்கிள் எடுத்துக் கொடுக்கவோ வங்கியின் படியேறினால், அங்கிருக்கும் அதிகாரி நம் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அந்தக் கணக்கேட்டைத்தான் பார்க்கிறார்.

மக்கள் வாயில் அதற்குப் பெயர் 'க்ரிப்'. அதன் முழுப்பெயர் இலங்கை கொடுகடன் தகவல் பணியகம். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்டது. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் லீசிங் நிறுவனங்களும் தம்மிடம் யார் எவ்வளவு பெற்றார், தவணைகளை ஒழுங்காகக் கட்டினாரா, பிந்தினாரா, எத்தனை நாள் பிந்தினார் என்பதையெல்லாம் இந்தப் பணியகத்துக்குத் தெரிவிக்கின்றன. அந்தத் தகவல்களை வைத்து ஒருவருக்கு மூன்று இலக்க எண் ஒன்றும் கணிக்கப்படுகிறது. எண் கூடினால் நம்பிக்கை கூடியவர் என்று கொள்கிறார்கள். குறைந்தால் யோசிக்கிறார்கள்.

"நாங்கள் வட்டிப் பக்கமே போவதில்லை, எங்களுக்கும் க்ரிப்புக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கும் சகோதரிகள் இருக்கிறார்கள். வட்டியை விட்டு விலகி நிற்பது நம் மீதுள்ள கடமை. அதில் இரண்டு பேச்சுக்கு இடமில்லை. ஆனால் நாம் முராபஹா, இஜாரா என்று மார்க்கம் அனுமதித்த முறையில் ஒரு பொருளை எடுத்தாலும், அதைத் தருவது அனுமதிப்பத்திரம் பெற்ற வங்கியோ நிதி நிறுவனமோதான். இஸ்லாமியப் பிரிவு என்ற பெயர்ப்பலகையின் கீழ் பெற்றதும் அதே ஏட்டில்தான் பதிவாகிறது. ஆகவே இது நமக்கு வெளியே உள்ள விடயமல்ல.

இதை இந்தப் பக்கங்களில் எழுத வேண்டும் என்ற எண்ணம் எனக்கு ஒரு குடும்பத்தின் பிரச்சினையினால் வந்தது. அந்தச் சகோதரியின் அனுமதியோடு, ஊர் பெயர் சொல்லாமல் எழுதுகிறேன்.

அவர் வீட்டிலிருந்து தைப்பவர். கணவர் கத்தாரில் வேலை செய்கிறார். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனத்தின் இஸ்லாமியப் பிரிவில் முராபஹா முறையில் ஒரு தையல் மெஷின் எடுத்தார். ஒரு தவணைகூடப் பிந்தவில்லை. தைத்த காசிலேயே கட்டி முடித்தார். பெருநாள் தையலுக்கு ஆள் வைத்துக்கொள்ளும் அளவுக்குத் தொழில் வளர்ந்தது. இன்னும் இரண்டு மெஷின்கள் எடுக்கலாம் என்று திரும்பவும் போனார். முதல் தடவை சிரித்து வரவேற்ற அதே அதிகாரி இந்தத் தடவை கணினித் திரையைப் பார்த்துவிட்டு, "உங்கட புள்ளி முந்தி இருந்ததை விடக் குறைஞ்சிருக்கே!" என்றாராம். அவர் வேறு இரண்டு இடங்களுக்கும் போய்க் கேட்டார். அங்கும் முகம் கொடுக்கவில்லை.

கணவரிடம் தொலைபேசியில் சொன்னார். அங்கிருந்து வந்த முதல் கேள்வியே இதுதான்: "எனக்குத் தெரியாம எங்க கடன் எடுத்திருக்காய்?"

அந்தக் கணவரை நான் குறை கூற மாட்டேன். வெயிலில் நின்று உழைத்து அனுப்பும் காசு எங்கே போகிறது என்ற பயம் வெளிநாட்டில் இருக்கும் ஒவ்வொரு ஆணுக்கும் உண்டு. ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சு குறைந்தது. தினமும் வந்த அழைப்பு வெள்ளிக்கிழமைக்கு ஒன்றானது. மச்சிமார் ஒரு மாதிரியாகப் பார்க்கத் தொடங்கினார்கள். சீட்டுப் பிடித்து ஏமாந்திருப்பாளோ, நகையை அடகு வைத்திருப்பாளோ என்று ஆளுக்கொரு கதை.

ஒருநாள் அஸருக்குப் பிறகு அவர் தன் உம்மாவோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மனைவியும் கூட இருந்தார். வந்ததும் அழுகைதான்.

"ஹஸ்ரத், நான் ஒரு சதமும் எங்கயும் எடுக்கல்ல. குர்ஆனைத் தொட்டுச் சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவன்."

"சத்தியம் வேணாம் தங்கச்சி. முதல்ல கடதாசிய எடுத்துப் பார்ப்பம்" என்றேன்.

சகோதரிகளே, இந்த இடத்தைச் சற்று யோசித்துப் பாருங்கள். ஊகங்களில் அதிகமானதைத் தவிர்ந்து கொள்ளும்படி அல்லாஹ் ஸூரத்துல் ஹுஜுராத்தில் கட்டளையிடுகிறான். ஒரு செய்தி வந்தால் தெளிவு பெற்றுக்கொள்ளுமாறும் அதே ஸூராவில் சொல்கிறான். ஓர் எண் குறைந்திருக்கிறது என்பது ஒரு செய்தி மட்டுமே. ஏன் குறைந்தது என்று அந்த எண் சொல்வதில்லை. காரணம் தெரியாத இடத்தில் ஊகம் நுழைகிறது. ஊகம் நுழைந்த வீட்டில் நிம்மதி வெளியேறி விடுகிறது.

நம்மைப் பற்றிய அறிக்கையை நாமே பெற்றுக்கொள்ளும் உரிமை நமக்கு இருக்கிறது. ஒரு சிறு கட்டணம் உண்டு. தேசிய அடையாள அட்டையுடன் வங்கிக் கிளையில் விண்ணப்பிக்கலாம். இணையத்தின் வழியாகவும் பெறலாம். அந்தச் சகோதரி தன் வங்கிக் கிளையிலேயே விண்ணப்பித்து எடுத்தார். உம்மா ஒரு பக்கம், என் மனைவி ஒரு பக்கம் இருக்க, மேசையில் வைத்து வரி வரியாகப் பார்த்தோம்.

அவருடைய சொந்தப் பெயரில் எடுத்தது ஒன்றே ஒன்று, அந்தப் பழைய தையல் மெஷின். கட்டி முடிந்தது என்று சுத்தமாக இருந்தது. ஆனால் பிணையாளி என்ற தலைப்பின் கீழ் ஒரு பதிவு இருந்தது. ஒரு முச்சக்கர வண்டி. மூன்று மாத நிலுவை.

அவர் சிறிது நேரம் அந்தக் கடதாசியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "இது தம்பிட ஓட்டோ. வெறும் கையெழுத்துத்தானே ராத்தா என்று சொன்னான்."

மூன்று வருடங்களுக்கு முன் தம்பி ஓட்டோ எடுத்தபோது வீட்டுக்கே பத்திரத்தைக் கொண்டு வந்து கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அடுப்பில் சோறு. கையைத் துடைத்துவிட்டு, காட்டிய இடத்தில் எல்லாம் போட்டிருக்கிறார். தம்பியும் மோசமானவன் அல்ல. இரண்டரை வருடம் ஒழுங்காகக் கட்டியவன், விபத்தொன்றில் கால் முறிந்து வீட்டில் கிடந்தபோது கட்ட முடியாமல் போயிருக்கிறது. ராத்தாவுக்குச் சொல்ல வெட்கம். சொன்னால் மச்சான் காதுக்குப் போகும் என்று பயம். அதற்குள் நிலுவை ராத்தாவின் பெயரில் ஏறிவிட்டது.

இன்னொன்றும் அந்த அறிக்கையில் இருந்தது. ஒரே மாதத்துக்குள் மூன்று நிறுவனங்கள் அவரைப் பற்றி விசாரித்திருக்கின்றன. அவர் ஏறி இறங்கிய அதே மூன்று இடங்கள்தான். குறுகிய காலத்தில் பல இடங்களில் கடன் கேட்பவர் நெருக்கடியில் இருக்கிறார் என்று கணக்குப் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். முதல் இடத்தில் கிடைக்கவில்லையே என்று இரண்டாம், மூன்றாம் இடங்களுக்கு ஓடியது அவர் நிலையை இன்னும் இறக்கியிருக்கிறது.

இப்போது ஒரு கேள்வி. தம்பிக்காகக் கையெழுத்துப் போட்டது குற்றமா?

இல்லை. பிணை நிற்பது நம் மார்க்கத்தில் மதிப்புள்ள ஒரு செயல். அரபு மொழியில் அதற்குக் கபாலா என்று பெயர். பிக்ஹு நூல்களில் தனிப் பாடமே இருக்கிறது. யூஸுப் (அலை) அவர்களின் வரலாற்றில், காணாமற்போன அளவுப் பாத்திரத்தைக் கொண்டுவருபவருக்கு ஓர் ஒட்டகச் சுமை தானியம் தரப்படும், அதற்கு நானே பொறுப்பு என்று அறிவிப்பாளர் சொன்னதைக் குர்ஆன் எடுத்துச் சொல்கிறது. பிணை நிற்பதற்கு உலமாக்கள் காட்டும் ஆதாரங்களில் அதுவும் ஒன்று.

ஹதீஸில் வரும் ஒரு சம்பவம் இன்னும் தெளிவானது. ஒரு ஜனாஸா நபி (ஸல்) அவர்களிடம் தொழுவிக்கக் கொண்டுவரப்படுகிறது. இவருக்குக் கடன் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். இரண்டு தீனார் இருக்கிறது என்றதும் தொழுவிக்காமல் திரும்புகிறார்கள். அபூ கதாதா (ரழி) அவர்கள் முன்வந்து அந்த இரண்டு தீனாரையும் தாம் ஏற்றுக்கொள்கிறார்கள். கடன் கொடுத்தவரின் உரிமை இனி உம் மீதுதான், மையித்து அதிலிருந்து நீங்கிவிட்டார், அப்படித்தானே என்று நபியவர்கள் உறுதிப்படுத்திக்கொண்ட பிறகே தொழுவிக்கிறார்கள்.

இதுவரை பலரும் அறிவோம். இதன் பிற்பகுதியை நாம் அதிகம் சொல்வதில்லை. மறுநாள் நபியவர்கள் அபூ கதாதாவிடம் அந்த இரண்டு தீனாரும் என்னவாயிற்று என்று விசாரிக்கிறார்கள். அவர் நேற்றுத்தானே மௌத்தானார் என்கிறார் அபூ கதாதா. அதற்கு அடுத்த நாளும் விசாரிக்கிறார்கள். கொடுத்துவிட்டேன் என்று சொன்ன பிறகே அந்த மையித்தின் உடம்பு இப்போதுதான் குளிர்ந்தது என்று நபியவர்கள் ஆறுதலடைகிறார்கள். ஜாபிர் (ரழி) அறிவிக்கும் இந்த ஹதீஸ் முஸ்னத் அஹ்மதில் இருக்கிறது.

பிணை நின்றவரிடம் அடுத்தடுத்த நாட்களில் விசாரித்தார்கள் என்பதைக் கவனியுங்கள். பொறுப்பேற்பது ஒரு வார்த்தையோடு முடிவதில்லை. அது நிறைவேறும் வரை பின்தொடர வேண்டும். 'வெறும் கையெழுத்து' என்று ஒன்று நம் மார்க்கத்தில் இல்லை. வங்கியின் சட்டத்திலும் இல்லை. கடன் பெற்றவர் கட்டாவிட்டால் பிணை நின்றவர் கட்ட வேண்டும் என்பதுதான் அந்தக் கையெழுத்தின் பொருள். கையெழுத்தும் ஓர் அமானிதம்தான்.

இந்தக் குடும்பத்தின் காரணம் இதுவாக இருந்தது. வேறு வீடுகளில் வேறு காரணங்கள் இருக்கலாம். கடன் எடுக்காமலேயே, அல்லது எடுத்ததை ஒழுங்காகக் கட்டியும், புள்ளி எப்படி இறங்குகிறது என்பதற்குப் பொதுவாகக் காணப்படும் வழிகளைச் சொல்கிறேன்.

முதலாவது, மேலே சொன்ன பிணை. தம்பிக்கு, மாமிக்கு, அடுத்த வீட்டுக்காரருக்கு, பாடசாலையில் கூட வேலை செய்யும் ஆசிரியைக்கு என்று போட்ட கையெழுத்துகள்.

இரண்டாவது, சில நாள் பிந்திக் கட்டுவது. "எப்படியும் மாதம் முடிய முன் கட்டித்தானே விடுகிறேன்" என்று நாம் நினைக்கிறோம். ஏட்டில் திகதி இருக்கிறது. வெளிநாட்டுக் காசு வரப் பிந்தியதா, பிள்ளை ஆஸ்பத்திரியில் இருந்ததா என்பது அந்த ஏட்டுக்குத் தெரியாது. 2022இல் நாடே நெருக்கடியில் விழுந்தபோது எத்தனையோ நல்ல குடும்பங்கள் தவணை கட்ட முடியாமல் தவித்தன. அந்த வருடம் ஏப்ரல் 12ஆம் திகதி அரசாங்கமே தன் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தி வைப்பதாக அறிவித்ததே! சிரமம் யாருக்கும் வரலாம். வந்தால் ஒளிந்துகொள்ளாமல், நிலுவை ஏறுவதற்கு முன்பே முகாமையாளரைக் கண்டு பேசித் தவணையை மாற்றி அமைத்துக்கொள்வதுதான் வழி.

மூன்றாவது, கடன் அட்டை. அட்டையின் எல்லை வரை செலவழித்து வைத்திருப்பவரை, மாதாமாதம் ஒரு சிறு தொகையைக் கட்டினாலும், சுமை கூடியவராகவே பார்ப்பார்கள். பாவிக்காமல் அலுமாரியில் கிடக்கும் அட்டைக்கும் வருடக் கட்டணம் விழும். அதைக் கட்டாமல் விட்டால் அதுவும் நிலுவைதான்.

நான்காவது, திரும்பி வந்த காசோலை. கணக்கில் பணமில்லாமல் திரும்பும் காசோலைகளும் அறிக்கையில் இடம்பெறுகின்றன. வீட்டில் வியாபாரம் செய்யும் பெண்களின் காசோலைப் புத்தகத்தைக் கணவரோ மகனோ பாவிக்கும் வீடுகள் உண்டு. கையெழுத்து மட்டும் போட்டு வெறும் காசோலையைக் கொடுத்து வைப்பது பிணைப் பத்திரத்தில் படிக்காமல் ஒப்பமிடுவதை விடப் பாரதூரமானது.

ஐந்தாவது, குறுகிய காலத்தில் பல இடங்களில் விண்ணப்பிப்பது. ஓரிடத்தில் மறுத்தால் காரணத்தைக் கேளுங்கள். அறிக்கையைப் பாருங்கள். பிறகு அடுத்த இடத்தை யோசியுங்கள்.

ஆறாவது, பிழையான பதிவு. இது எனக்கே நடந்தது. அந்தச் சகோதரியின் அறிக்கையைப் பார்த்த பிறகு என்னுடையதையும் எடுத்துப் பார்த்தேன். பல வருடங்களுக்கு முன் நான் மோட்டார் சைக்கிள் எடுத்து, கடைசிச் சதம் வரை கட்டி முடித்த ஒரு கணக்கில், ஏதோ ஒரு சிறு கட்டணம் நிலுவை என்று கிடந்தது. கட்டி முடிந்ததாக அந்த நிறுவனமே தந்த கடிதம் என் மனைவியின் பெட்டகத்தில் பத்திரமாக இருந்தது. அதன் பிரதியை வைத்து எழுதிக் கொடுத்தேன். சில வாரங்களில் திருத்திவிட்டார்கள். அந்தக் கடிதம் மட்டும் இல்லாதிருந்தால் என் வார்த்தைக்கு எதிராக அவர்களுடைய வார்த்தை நின்றிருக்கும்.

இங்கே ஒரு நுணுக்கம். பணியகம் தானாக எதையும் எழுதுவதுமில்லை, அழிப்பதுமில்லை. தகவலைக் கொடுத்த நிறுவனம்தான் திருத்த வேண்டும். பிழை இருப்பதாகப் பணியகத்துக்கு அறிவித்தால் அவர்கள் அதை உரிய நிறுவனத்துக்கு அனுப்புவார்கள். நீங்களும் அந்த நிறுவனத்துக்கு நேரடியாக எழுத்தில் கொடுங்கள். வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். கொடுத்த கடிதத்தின் பிரதியில் திகதியும் முத்திரையும் வாங்கி வையுங்கள். இன்று காசு கட்டினால் இன்றே ஏட்டில் ஏறிவிடும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். நிறுவனங்கள் மாதக் கணக்கில்தான் தகவல் அனுப்புகின்றன.

"க்ரிப்பில் போட்டுட்டாங்க, இனிச் சாகும் வரைக்கும் கடனில்ல" என்று சிலர் பயமுறுத்துவார்கள். அப்படிக் கறுப்புப் பட்டியல் ஒன்றைப் பணியகம் வைத்திருப்பதில்லை. கொடுப்பதா இல்லையா என்று தீர்மானிப்பதும் அதுவல்ல. இருப்பதை இருக்கிறபடி காட்டுகிறது. தீர்மானிப்பது வங்கி. நிலுவையைத் தீர்த்து, தொடர்ந்து ஒழுங்காக நடந்தால் நிலைமை மெதுவாகத் திருந்தும். மெதுவாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். விழுவது சுருக்கு, ஏறுவது தாமதம்.

கணவருடைய கடன் மனைவியின் ஏட்டில் விழுமா என்றும் கேட்கிறார்கள். அறிக்கை அவரவர் அடையாள அட்டைக்கு உரியது. நீங்கள் கூட்டாக எடுத்திருந்தாலோ பிணை நின்றிருந்தாலோ தவிர, கணவர் கட்டாதது உங்கள் பெயரில் வராது. இஸ்லாம் பெண்ணுக்குத் தனியான சொத்துரிமை தந்திருக்கிறது. அதே போல அவள் ஏற்ற பொறுப்புக்கும் அவளே கணக்குச் சொல்ல வேண்டும். ஆகவே எதில் கையெழுத்திட்டோம் என்று தெரிந்து வைத்திருப்பது பெண்ணுக்கும் கடமை.

குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் எது தெரியுமா? ஸூரத்துல் பகராவின் 282ஆம் வசனம். அது கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. தவணை குறித்துக் கடன் கொடுக்கல் வாங்கல் செய்தால் எழுதிக்கொள்ள வேண்டும், எழுதுபவர் நீதமாக எழுத வேண்டும், கடன்பட்டவரே வாசகத்தைச் சொல்ல வேண்டும், சாட்சிகள் வேண்டும், சிறிதோ பெரிதோ எழுதுவதில் சலிப்படையக் கூடாது என்று அல்லாஹ் விபரமாகக் கற்றுத் தருகிறான். பொறுப்பை ஏற்பவரின் வாயாலேயே வாசகம் வரவேண்டும் என்றால் என்ன பொருள்? எழுதப்படுவது அவருக்கு விளங்கியிருக்க வேண்டும் என்பதுதானே! விளங்காத மொழியில் அச்சடித்த பத்திரத்தில், பென்சிலால் புள்ளடி போட்ட இடங்களில் எல்லாம் ஒப்பமிடுவது இந்தப் போதனைக்கு எவ்வளவு தூரம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே யாராவது பிணைக்குக் கேட்டு வந்தால் முகத்தை முறித்து அனுப்ப வேண்டாம். ஆனால் நான்கு விடயங்களைக் கேளுங்கள். மொத்தத் தொகை எவ்வளவு? மாதத் தவணை எவ்வளவு, எத்தனை மாதம்? வட்டி கலந்ததா? கட்ட முடியாமல் போனால் எனக்கு முதலில் சொல்வீர்களா? பத்திரத்தைத் தமிழில் விளக்கும்படி அதிகாரியிடம் கேளுங்கள். ஒரு பிரதியை வாங்கி வையுங்கள். வட்டிப் பத்திரமென்றால் எழுதுபவரும் சாட்சியும் அதில் பங்காளிகள் என்று ஹதீஸ் எச்சரிப்பதை நினைத்து விலகிக்கொள்ளுங்கள். விலகும்போது முடிந்தால் கைமாற்றாக ஒரு சிறு உதவியாவது செய்யுங்கள். போட்ட பிறகு மாதம் ஒரு தடவை, "தவணை கட்டியாச்சா தம்பி?" என்று கேளுங்கள். இது சந்தேகமல்ல. அபூ கதாதாவிடம் நபியவர்கள் கேட்டது போன்ற அக்கறை.

அந்தச் சகோதரியின் விடயம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அன்று இரவே அறிக்கையைப் படம் பிடித்துக் கணவருக்கு அனுப்பினார். மறுபக்கத்தில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு அவர் கேட்டது, "அவன்ட கால் இப்ப எப்படி?" என்றுதான். அல்ஹம்துலில்லாஹ். தம்பியும் ராத்தாவும் ஒன்றாகப் போய் முகாமையாளரைக் கண்டார்கள். கால் தேறும் வரை ஓட்டோவை இன்னொருவருக்கு நாள் வாடகைக்குக் கொடுத்தார்கள். நிலுவை இரண்டு தவணைகளில் தீர்ந்தது. தம்பியை யாரும் ஏசவில்லை. கஷ்டத்தில் இருப்பவருக்கு வசதி வரும் வரை அவகாசம் கொடுக்கும்படி அதே ஸூரத்துல் பகராவின் 280ஆம் வசனம் கடன் கொடுத்தவருக்கே சொல்லும்போது, கூடப்பிறந்தவர்களுக்குச் சொல்லவா வேண்டும்? பல மாதங்களுக்குப் பின் அவருக்கு ஒரு மெஷின் கிடைத்தது. கேட்டது இரண்டு. ஒன்றோடு ஆரம்பித்திருக்கிறார்.

அவருடைய அறிக்கையை நான் பார்த்தது அவரே கொண்டுவந்து காட்டியதால்தான். மற்றவருடைய கடன் விபரம் நம் கைக்கு வந்தால் அதை இன்னொரு வீட்டு விறாந்தையில் விரித்து வைக்கக் கூடாது. மச்சிமார் கதைத்த கதைகளில் ஒன்றுகூட உண்மையாக இருக்கவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

கடைசியாக ஒன்று. அந்தக் கொழும்பு ஏட்டில் எல்லாம் இருக்கிறதா? இல்லை. மூலைக் கடைக் கொப்பியில் எழுதிய அரிசிக் காசு அதில் இல்லை. பக்கத்து வீட்டில் வாங்கிய கைமாற்று இல்லை. சீட்டுக் காசை முதலில் எடுத்துவிட்டுப் பின்னர் கட்டாமல் இழுத்தடிப்பது இல்லை. தையல்காரப் பெண்ணுக்குக் கொடுக்காமல் விட்ட கூலி இல்லை. எத்தனையோ கணவன்மார் நிகாஹ் பதிவில் எழுதி இன்னும் கொடுக்காமல் வைத்திருக்கும் மஹர் இல்லை. அதுவும் கடன்தான். அந்த ஏட்டில் நல்ல புள்ளி வாங்கியவர் இவற்றில் எல்லாம் நிலுவைக்காரராக இருக்கக் கூடும். அங்கே புள்ளி குறைந்த ஒருவர், தம்பிக்குத் தோள் கொடுத்ததால் மட்டுமே குறைந்தவராக இருக்கக் கூடும். எண்ணை வைத்து மனிதரை அளந்துவிட வேண்டாம். எண்ணை அலட்சியம் செய்யவும் வேண்டாம்.

இந்த மாதம் உங்கள் வீட்டில் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு கொப்பி எடுங்கள். கணவனும் மனைவியும் உட்கார்ந்து, யாருக்குக் கொடுக்க வேண்டும், யாருக்காகக் கையெழுத்துப் போட்டோம், எந்தக் கணக்கு இன்னும் மூடப்படவில்லை என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். கட்டி முடித்ததற்கான கடிதங்களை ஒரு உறையில் போட்டு வையுங்கள். தேவையென்றால் அறிக்கையையும் எடுத்துப் பாருங்கள். நாளை நாம் மௌத்தானால் நம் பிள்ளைகள் அந்தக் கொப்பியைத் திறந்து ஜனாஸாவுக்கு முன் நம் சுமையை இறக்கக் கூடியதாக இருக்கட்டும்.

கடனின் பாரத்திலிருந்து பாதுகாவல் தேடும்படி நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். யா அல்லாஹ், எங்கள் கடன்களை ஹலாலான வழியில் தீர்த்து வைப்பாயாக! எங்கள் கையெழுத்துகளை நாங்கள் காப்பாற்றும் அமானிதங்களாக ஆக்குவாயாக! ஆமீன்.